கை போன பக்கம் கேடயம் ஆகாது: பேட்டில்டெக்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொஞ்ச நாளா மெகாமெக்லயும் டேபிள்லயும் புது ஆளுங்களோட தான் அதிகமா ஆடிட்டு இருக்கேன். மெகாமெக் தெரியாதவங்களுக்கு, அது பேட்டில்டெக்ங்கற, மெக்னு சொல்ற பெரிய போர் ரோபோக்கள் மோதற போர்டு கேமோட ரூல்ஸை அப்படியே கம்ப்யூட்டர்ல ஓட்டற ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர். வர்றவங்கள்ல முக்கால்வாசி பேர் மெக்வாரியர் ஆன்லைன், மெக்வாரியர் 5, இல்லனா ஆர்மர்ட் கோர் 6 மாதிரி ரோபோ வீடியோ கேம் ஆடிட்டு வர்ற ஆளுங்க. குறி பார்க்கறது, ஹீட்டை கவனிக்கறது எல்லாம் நல்லாவே பண்றாங்க, ஆனா ரோபோவோட ஒரு பார்ட் உடைஞ்சு போச்சுன்னா அதுக்கப்புறம் என்ன ஆகும்ங்கற இடத்துல வரிசையா எல்லாரும் ஒரே குழில விழறாங்க. நாங்கல்லாம் விழுந்து எழுந்த அதே குழி தான்.

ஹீட் சிங்க்கை எண்ண மறக்கறது, டைஸ் மாடிஃபையரை தப்பா கூட்டறது இதெல்லாம் இங்க எழுதப் போறதில்ல. அது நாலு மேட்ச் ஆடினா தானா சரியாயிடும். இங்க எழுதறது எல்லாம் தானா சரியாகாத விஷயங்க.

இல்லாத கைல விழுற அடி மிஸ் ஆகாது

"அண்ணே, சாஃப்ட்வேர்ல பக் இருக்கு, எனக்கு வலது கையே இல்ல, ஆனா வலது கைல அடின்னு காட்டிட்டு டார்சோல டேமேஜை கழிக்குது." இதை யாராவது ஒருத்தர் சொல்லாம ஒரு மாசம் போறதில்ல.

பக் எல்லாம் இல்ல, ரூலே அது தான். டார்சோன்னா மெக்கோட உடம்பு, நடுவுல சென்டர் டார்சோ, ரெண்டு பக்கமும் சைடு டார்சோ. 1984ல ஃபாஸா கம்பெனி இந்த கேமை பேட்டில்ட்ராய்ட்ஸ்ங்கற பேர்ல விட்டாங்க, அடுத்த வருஷம் பேட்டில்டெக்னு பேர் மாத்தினாங்க, இப்ப கேட்டலிஸ்ட் போடறாங்க. ஒவ்வொரு பார்ட்டுக்கும் வெளில ஆர்மர், உள்ள இன்டர்னல் ஸ்ட்ரக்சர். ரெண்டும் தீர்ந்தா பார்ட் காலி. அதுக்கப்புறம் அந்த இடத்துல விழுற டேமேஜ் உள்பக்கமா நகரும், கைல விழுந்தது அதே பக்க சைடு டார்சோவுக்கு, கால்ல விழுந்ததும் அதே பக்க சைடு டார்சோவுக்கு, சைடு டார்சோல விழுந்தது சென்டர் டார்சோவுக்கு. சென்டர் போனா ஆட்டம் க்ளோஸ், தலை போனாலும் க்ளோஸ், அங்கிருந்து நகர இடம் கிடையாது. வாசக் கதவு பேந்துடுச்சுன்னா திருடன் திரும்பியா போவான், நேரா உள்ரூமுக்கு தான் போவான்.

மிச்ச டேமேஜும் இதே வழில தான் போகும். வலது டார்சோல ஆர்மர் 3, உள்ள 12 இருக்கு, ஏசி 20ங்கற பெரிய பீரங்கியோட ஒரு குண்டு 20 டேமேஜ்னு வச்சுக்கோங்க. 15 அங்க தீரும், பாக்கி 5 சென்டர் டார்சோ ஆர்மர்ல கழியும். "பார்ட் உடைஞ்சுச்சுல்ல, மிச்சம் வேஸ்ட் தானே"ன்னு கேக்கறவங்களுக்கு, இல்ல, ஒரு புள்ளி கூட வேஸ்ட் ஆகாது.

செத்த பக்கத்தை எதிரிக்கு காட்டாதீங்க

எனக்கு இன்னும் எரிச்சல் வர்றது இதுல தான். ஆட்டம் தோக்கறது கூட பரவால்ல, தோத்துட்டு "டைஸ் சதி பண்ணிடுச்சு"ன்னு சொல்றாங்க பாருங்க, அது தான் தாங்கல.

இந்தப் பழக்கம் எங்க இருந்து வருதுன்னு தெரியும். மெக்வாரியர் ஆன்லைன்ல உடைஞ்ச பார்ட் மேல விழுற டேமேஜ் உள்ள முழுசா போகாது, குறைஞ்சு தான் போகும். அதனால அங்க ஒரு சைடு போச்சுன்னா அந்த சைடையே எதிரி பக்கம் திருப்பி வெச்சு அடி வாங்கிக்கறது நல்ல ஆட்டக்காரன் வேலை. கை இருக்கோ இல்லையோ, அந்தப் பக்கம் ஒரு கேடயம். அங்க அது கரெக்ட்.

டேபிள்ல டேமேஜ் முழுசா போகும். ஒரு புள்ளி கூட குறையாது. இந்த ஒரு வித்தியாசத்துல மொத்த கணக்கும் தலைகீழா மாறுது.

ஒரு தம்பி ஹஞ்ச்பேக் 4ஜி எடுத்திருந்தான். 50 டன் மெக், வலது டார்சோல ஏசி 20, ரெண்டு கைலயும் ஒவ்வொரு மீடியம் லேசர், தலைல ஒரு ஸ்மால் லேசர், ஏசி குண்டு 2 டன் இடது டார்சோல. எல்லாரும் பண்ற மாதிரி எதிரியும் அந்த பெரிய பீரங்கி இருக்கற வலது டார்சோவை தான் அடிச்சான், அதுவும் போச்சு, கூடவே வலது கையும் விழுந்துச்சு. சென்டர் டார்சோல இன்னும் 26 ஆர்மர் முழுசா இருக்கு. இடது டார்சோவும் முழுசா இருக்கு. பின்வாங்கி தப்பிச்சிருக்கலாம். தம்பி என்ன பண்ணான், வலது பக்கத்தை எதிரிக்கு நேரா காட்டிட்டு நின்னான். கேட்டா "அந்தப் பக்கம் தான் ஒண்ணுமே இல்லயே அண்ணே, அடிச்சா அடிச்சுட்டு போகட்டும், இடது பக்கம் குண்டு வேற இருக்கு"ங்கறான்.

இப்ப கணக்கு பாருங்க. அடி எங்க விழுதுன்னு ரெண்டு டைஸ் போட்டு கூட்டிப் பாக்கறோம், 36 வாய்ப்பு. முன்னாடி இருந்து சுட்டா 7ம் 2ம் சென்டர், அது 36ல 7. வலது டார்சோ 6, அது 36ல 5. வலது கை 3ம் 4ம், அது இன்னொரு 5. வலது டார்சோவும் கையும் போனதுக்கு அப்புறம் இந்த மூணும் சென்டருக்கு தான் வந்து சேரும், ஆக 36ல 17. நல்ல மெக்ல 36ல 7 வாய்ப்பு இருந்த சென்டர் அடி இப்ப கிட்டத்தட்ட பாதி.

அதே மெக்கை வலது பக்கத்துல இருந்து சுட்டா டேபிளே வேற. அதுல 7ம் 2ம் வலது டார்சோ, 4ம் 5ம் வலது கை, 8 தான் சென்டர். 7, 7, 5. மொத்தம் 36ல 19, பாதிக்கு மேல. தம்பி கேடயம்னு நெனச்சு திருப்பின பக்கம் தான் இருக்கறதுலயே மோசமான பக்கம்.

இடது பக்கத்தை காட்டி இருந்தா? 8 சென்டர், 9 வலது டார்சோ, 10 வலது கை, மூணும் சேர்ந்து 5, 4, 3. 36ல 12. மூணுல ஒரு பங்கு தான். பாக்கில பெரும்பாலானது முழுசா இருக்கற இடது கை, இடது கால், இடது டார்சோன்னு பரவி விழும், அங்கல்லாம் ஆர்மர் இருக்கு. ஆர்மர் வாங்கினதே அடி வாங்க தானே.

அவன் சொன்ன குண்டு விஷயம் மட்டும் சும்மா இல்ல, அதை ஒத்துக்கறேன். பீரங்கி போனதுக்கு அப்புறம் அந்த 2 டன் குண்டு வெறும் வெடிமருந்து, வேற எதுக்கும் ஆகாது. ஆனா இடது டார்சோல 20 ஆர்மர் அப்படியே இருக்கறப்பவே அதை வெளில கொட்டிடலாம், அதுக்கு ரூல்ல வழி இருக்கு. முந்தின டர்ன்லயே சொல்லணும், கொட்டற டர்ன்ல முதுகுல அடி வாங்காம இருக்கணும். அதை சொன்னா "அப்படி ஒரு ரூல் இருக்கா"ங்கறாங்க. இருக்கு.

கை மட்டும் போய் டார்சோ மிச்சம் இருந்தாலும் இதே கதை தான். வலது கை இல்லாத மெக்கை வலது பக்கத்துல இருந்து சுட்டா 36ல 14 வலது டார்சோவுக்கு போகும், முன்னாடி இருந்து 10, இடது பக்கத்துல இருந்து 7. நீங்க அடிக்கற ஆளா இருந்தா இதையே திருப்பி போட்டுக்கோங்க, எவனுக்கு எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கமா சுத்தி வாங்க.

டார்சோ ட்விஸ்ட் பண்ணா அடி மாறாது

சரி திரும்பிக்கறேன்னு சொல்லிட்டு அடுத்த டர்ன்ல டார்சோவை மட்டும் ட்விஸ்ட் பண்றாங்க. வீடியோ கேம்ல அது போதும். இங்க எந்தப் பக்கத்துல இருந்து அடி வருதுன்னு முடிவு பண்றது கால் எந்தப் பக்கம் பாக்குதுங்கறது தான். டார்சோ ட்விஸ்ட் உங்க துப்பாக்கி எங்க சுடும்ங்கறதை மட்டும் மாத்தும்.

அதனால பக்கம் காட்டற முடிவை மூவ்மென்ட்லயே எடுக்கணும், மேப்ல இருக்கற அறுகோண கட்டத்துல (ஹெக்ஸ்) ஒரு பக்கம் திரும்ப ஒரு மூவ்மென்ட் பாயின்ட். இனிஷியேட்டிவ், அதாவது யார் முதல்ல நகரணும்னு போடற டைஸ், தோத்த டர்ன்ல நீங்க தான் முதல்ல நகரணும், அவன் அதைப் பாத்துட்டு உங்க செத்த பக்கமா வந்து நிப்பான். அந்த மாதிரி டர்ன்ல சுவர், மலை, மேப் ஓரம்னு எதையாவது அந்தப் பக்கம் வெச்சுக்கிட்டு நில்லுங்க, அவனால வர முடியாத பக்கமா பாத்து.

சைடு டார்சோ போனா கையும் போச்சு

கைல ஆர்மர் முழுசா இருந்தாலும். ஷீட்ல கை கட்டத்தை அடிச்சுடுங்க, அதுல புள்ளி கழிச்சுட்டு உக்காராதீங்க.

எக்ஸ்எல் இன்ஜின்

வெயிட் மிச்சமாகுதுன்னு எல்லாருக்கும் இந்த இன்ஜின் மேல ஆசை. கேம் கதைல இன்னர் ஸ்ஃபியர், க்ளான்னு ரெண்டு தரப்பு, ரெண்டோட எக்ஸ்எல்லும் வேற வேற. இன்னர் ஸ்ஃபியர் எக்ஸ்எல் இன்ஜின்ல ஒவ்வொரு சைடு டார்சோலயும் 3 ஸ்லாட் உக்காந்திருக்கும், இன்ஜின் 3 அடி வாங்கினா மெக் காலி, சைடு போனா அங்க இருக்கற ஒவ்வொரு ஸ்லாட்டும் ஒரு அடி. ஒரே ஒரு சைடு போனா போதும், மேல எழுதின எந்த கணக்கும் தேவைப்படாது. க்ளான் எக்ஸ்எல்ல சைடுக்கு 2 ஸ்லாட், அதனால ஒரு சைடு போனாலும் நடக்கும், ஆனா ரெண்டு இன்ஜின் அடிக்கான 10 ஹீட் ஒவ்வொரு டர்னும் ஏறும். பிழைச்சுட்டோம்னு எல்லா லேசரையும் சேத்து சுட்டுட்டு ஷட் டவுன் ஆகி நிக்கறவங்களையும் பாத்தாச்சு.

குண்டு வெடிச்சா ஆர்மர் உதவாது

மத்த டேமேஜ் அடுத்த பார்ட்டுக்கு போறப்ப முதல்ல ஆர்மர்ல கழியும். மெக்குக்கு உள்ள வெச்சிருக்கற குண்டு வெடிச்சா மட்டும் நேரா இன்டர்னல் ஸ்ட்ரக்சர், அடுத்த பார்ட்டுக்கு போனாலும் அங்கயும் நேரா உள்ள தான். அதே ஹஞ்ச்பேக்ல இடது டார்சோ ஸ்ட்ரக்சர் 12, சென்டர் 16. ஒரு டன் ஏசி 20 குண்டு 5 ஷாட், ஒவ்வொண்ணும் 20, அதாவது 100. 12 கழிச்சு 88 வந்து 16ல விழும். சென்டர்ல வெளில இருக்கற 26 ஆர்மர் சும்மா வேடிக்கை பாக்கும்.

இதை விட மோசம் மெஷின் கன். சின்ன துப்பாக்கி தானேன்னு ஒரு டன் குண்டு தூக்கி போடறாங்க, அது 200 ஷாட், ஷாட்டுக்கு 2, முழு டன்னா வெடிச்சா 400. அரை டன் போடுங்க, ஒரு மேட்ச்ல அதையே யாரும் தீர்க்கறதில்ல.

இதுக்கு தான் கேஸ்னு ஒரு சாமான் இருக்கு, அரை டன், ஒரு ஸ்லாட். வெடிப்பு அந்த டார்சோவோட நின்னுடும், மிச்சம் முதுகு வழியா வெளில போயிடும். டார்சோவும் கையும் போகும், ஆள் பிழைப்பான், ஆனா பைலட்டுக்கு 2 அடி உண்டு. க்ளான் மெக்ல இது தானாவே இருக்கும். இன்னர் ஸ்ஃபியர் எக்ஸ்எல் இன்ஜின் போட்டுட்டு கேஸும் போடறவங்க கிட்ட மட்டும் கேக்கறேன், எதுக்கு? டார்சோ போனாலே செத்தீங்க.

முதுகு

பின்னாடி இருந்து வர்ற அடி நகர்ந்தாலும் பின் ஆர்மருக்கு தான் போகும். ஹஞ்ச்பேக் சென்டர் முதுகுல இருக்கறது 5. ஒரு சைடு இல்லாம முதுகை காட்டினா அதே 36ல 17 அந்த 5 மேல விழும். ஒரு மீடியம் லேசர்ல தீர்ந்துடும்.

கால்

ஒரு கால் போனா மெக் உடனே கீழ விழும், எழுந்தாலும் ஒரு பாயின்ட் தான் நகரும். மெக்வாரியர் ஆன்லைன்ல ரெண்டு காலும் போனா செத்துடுவோம், இங்க சாக மாட்டோம், படுத்துக்கிட்டே சுடலாம். ஆனா போன கால்ல விழுற அடியும் சைடு டார்சோவுக்கு நகருதுங்கறதை மறந்துடறாங்க. சைடு டார்சோ, கை, கால் மூணும் ஒரே பக்கம் போயிருந்தா முன்னாடி இருந்து வர்ற அடில 36ல 21 சென்டருக்கு. அப்பவும் பின்வாங்காம நின்னு வீரம் காட்டறவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்ல.

ஆர்மர்ட் கோர்ல இருந்து வர்றவங்களுக்கு

ஆர்மர்ட் கோர் 6ல முழு ரோபோவுக்கும் ஒரே ஏபி, அதாவது உயிர்ப் புள்ளி, கை கால் தனியா விழாது. அதை மறந்துடுங்க.

கை விழுந்த அதே டர்ன்ல சுடலாம்

இது கொஞ்சம் நல்ல செய்தி, அதனாலயோ என்னவோ யாருக்கும் தெரியறதில்ல. வெப்பன் ஃபேஸ்ல, அதாவது டர்ன்ல சுடற கட்டத்துல, எல்லாரும் சுடறது ஒரே நேரத்துல நடக்கற மாதிரி கணக்கு. முதல்ல அவன் டைஸ் போட்டு உங்க கையை எடுத்துட்டாலும் அந்த கைல இருக்கற லேசரை இந்த ஃபேஸ்ல சுடலாம், ஃபேஸ் முடிஞ்சா தான் அது இல்லாம போகும். டேபிள்ல பேப்பர் ஷீட் வெச்சு ஆடறப்ப புதுசா வந்தவங்க பாவம், "கை தான் போச்சே"ன்னு டைஸை கீழ வெச்சுடறாங்க, எதிர்ல இருக்கற பெருசும் வாயைத் திறக்காம உக்காந்திருக்கும். கேட்டு வாங்குங்க.

அதுக்காக அடுத்து வர்ற ஃபிசிக்கல் ஃபேஸ்ல அதே கைல குத்த முடியாது, அது அப்ப விழுந்தாச்சு. வெப்பன் ஃபேஸ்ல கால் போயிருந்தா கீழ கிடப்பீங்க, உதைக்கவும் முடியாது. உதைக்கலாம்னு கிட்டப் போய் நிக்கறதுக்கு முன்னாடி கால்ல எவ்ளோ ஆர்மர் மிச்சம்னு ஒரு தடவை ஷீட்டை பாத்துக்கோங்க.