சொதிச் சாப்பாடு உள்ளே போகும் வழி: செரிமான மண்டலத்தை வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, "இரைப்பை எங்க இருக்கு, கை வை பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாகக் கை தொப்புள் மேல்தான் போகும். வயிற்று வலி, வயிற்றுப் பசி, வயிற்றுப் போக்கு என்று எல்லாவற்றுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், பிள்ளை என்ன செய்யும்? பாளையங்கோட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து பார்க்கிறேன், படம் வரைந்து பாகம் குறித்து முழு மார்க் வாங்குகிற பிள்ளைக்குக்கூட அந்தப் படம் தன் சட்டைக்குள் இருக்கிறது என்று தோன்றுவதே இல்லை. அதனால் இப்போது நான் படத்தில் தொடங்குவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சொதிச் சாப்பாடு (சொதி என்பது தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்து வைக்கிற குழம்பு), வீட்டில் கிடக்கிற சில சாமான்கள், அவ்வளவு போதும்.

சொதி ஏன் என்றால் பாடத்தில் உள்ள எல்லாமே அந்த ஒரு இலையில் வந்துவிடுகிறது. சோறும் உருளைக்கிழங்கும் மாவுச்சத்து, பாசிப்பருப்பு புரதம், தேங்காய்ப்பால் கொழுப்பு, முருங்கைக்காயும் பீன்ஸும் நார்ச்சத்து. இவற்றுக்கு உள்ளே எங்கெங்கே என்ன நடக்கிறது என்று பின்தொடர்ந்து போனாலே பாடம் முடிந்துவிடும். மற்றபடி ஒரு பழைய வெள்ளை பனியன், ஸ்கெட்ச் பேனா, பழைய சேலை, தேங்காய்ப்பூ துண்டு, வினிகர், பாத்திரம் விளக்கும் திரவ சோப்பு, மெடிக்கலில் காயத்துக்குத் தருகிற பழுப்பு நிறப் பொவிடோன் அயோடின் (களிம்பு வேண்டாம், தண்ணீராக இருப்பது) எடுத்து வையுங்கள்.

முதலில் பனியன். பிள்ளைக்குப் போட்டுவிட்டு, அதன் மேலேயே வரையுங்கள். இடது பக்க விலா எலும்புக்கு அடியில் இரைப்பை. வலது பக்க விலாவுக்குள் கல்லீரல், பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும், அதன் அடியில் ஒட்டிக்கொண்டு பித்தப்பை. இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்திருப்பது கணையம். பெருங்குடலைக் கதவு நிலை மாதிரி வரையச் சொல்லுங்கள்: வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, விலாவுக்குக் கீழே குறுக்கே போய், இடது பக்கம் இறங்குகிறது. அந்த நிலைக்குள் சுருண்டு கிடப்பது சிறுகுடல். வலது அடிவயிற்று மூலையில், பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு வாலைத் தொங்கவிடுங்கள், அதுதான் குடல்வால். இந்த இடத்தில் நான் பாடத்தை நிறுத்திப் பெற்றோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்: தொப்புளைச் சுற்றி வலி தொடங்கி, சில மணி நேரத்தில் இந்த வலது மூலைக்கு இறங்கி, தொட்டால் துடிக்கிற அளவுக்கு ஆகிறதென்றால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம், வயிறு சுத்தமாகட்டும் என்று விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, அடுத்தது வாய். வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் ஒரு நிமிடம் மெல்லச் சொல்லுங்கள். மெல்ல மெல்ல இனிப்புத் தட்டும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி (உணவை உடைக்க உடலே சுரக்கும் பொருள்) மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குவதுதான் அந்த இனிப்பு. இதைக் கண்ணாலும் காட்டலாம், ஆனால் இங்கே சின்னச் சின்ன விஷயத்தில் சோதனை கெட்டுப்போகும், கவனமாகச் செய்யுங்கள். வடித்த கஞ்சியில் இரண்டு ஸ்பூன் எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள், குக்கர் வைக்கிற வீடென்றால் கொஞ்சம் சோற்றைக் கரைத்து வடிகட்டினால் போதும். கெட்டியாக இருந்தால் எச்சிலால் சமாளிக்க முடியாது, கொதிக்கக் கொதிக்க இருந்தால் நொதியே செத்துவிடும், கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறட்டும். அதை மூன்று கப்பில் ஊற்றுங்கள். ஒன்றில் எதுவும் வேண்டாம். இரண்டாவதில் ஒரு ஸ்பூன் எச்சில். மூன்றாவதில் எச்சிலோடு ஒரு ஸ்பூன் வினிகரும். இருபது நிமிடம் கழித்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு அயோடின் விட்டால், முதல் கப்பும் மூன்றாவது கப்பும் கருநீலமாகும், இரண்டாவது மட்டும் வெளிறிய பழுப்பாகவே நிற்கும், ஏனென்றால் அதில் நீலமாவதற்கு மாவுச்சத்து மிச்சமில்லை. மூன்றாவது கப் ஏன் நீலமானது என்று பிள்ளையையே யோசிக்க விடுங்கள். புளிப்பு நொதியை நிறுத்திவிடுகிறது, அதாவது இரைப்பை அமிலத்தில் நன்றாகக் கலந்ததும் எச்சிலின் வேலை முடிகிறது. வினிகருக்குப் பதிலாக எலுமிச்சை பிழியாதீர்கள், அதிலுள்ள வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே அழித்துவிடும், நான் ஒருமுறை அப்படிச் செய்து அரை மணி நேரம் குழம்பியிருக்கிறேன். முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள், அயோடின் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை விட வேண்டாம்.

விழுங்குவதற்குப் பழைய லெக்கின்ஸ் கால் ஒன்று போதும். உள்ளே ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, பழத்துக்குப் பின்னால் பிடித்துப் பிதுக்கிப் பிதுக்கித் தள்ளச் சொல்லுங்கள். 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழல் இப்படித்தான் கவளத்தைச் சில நொடிகளில் இறக்குகிறது. சோறு தன் எடையால் விழுகிறது என்றே பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள், தசைதான் தள்ளுகிறது, படுத்திருந்தாலும் தள்ளும்.

இரைப்பையில் பருப்பின் முறை. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் புரதத்தைத் துண்டாக்க ஆரம்பிக்கின்றன, தசைச்சுவர் பிசைந்து பிசைந்து எல்லாவற்றையும் கூழாக்குகிறது. அந்த அமிலம் இரைப்பையையே அரிக்காமல் இருப்பதற்குக் காரணம் உள்சுவரில் பூசியிருக்கும் வழுவழுப்பான கோழைப்படலம். இங்கே நான் எப்போதும் ஒரு கதை சொல்வேன். 1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, உயிர் பிழைத்தாலும் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட், இறைச்சித் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு, மணிக்கு மணி இழுத்துப் பார்த்தார். இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்துக் குப்பியில் வைத்தபோதும் அது இறைச்சியைக் கரைத்தது. செரிமானம் என்பது வெறும் அரைப்பு மட்டுமல்ல, ரசாயன வேலையும்தான் என்று அவர் 1833இல் புத்தகமாகவே எழுதினார். இந்தக் கதைக்குப் பிறகு பெப்சின் என்ற பெயரை எந்தப் பிள்ளையும் மறந்ததில்லை.

சாதாரணச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். சொதி மாதிரி கொழுப்பு மிகுந்தது என்றால் இன்னும் தாமதம், ஏனென்றால் கொழுப்பு வந்து சேர்ந்ததும் சிறுகுடல் இரைப்பைக்கு "மெதுவாக விடு" என்று ஹார்மோன் வழியாகச் சொல்லி அனுப்புகிறது. மறுவீட்டுச் சொதிப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் சாயங்காலம்வரை மந்தமாக இருக்கிறது என்பார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். கூடவே இஞ்சிப் பச்சடி வைத்த ஆச்சிமார்கள் அதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் முன்சிறுகுடல். 25 செ.மீ. தான், ஆனால் இவ்வளவு வேலை நடக்கிற இடம் வேறு இல்லை. ஒரு பாட்டிலில் தண்ணீரும் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெயும் விட்டுக் குலுக்குங்கள், பிரிந்து நிற்கும். திரவ சோப்பு நாலு சொட்டு விட்டுக் குலுக்குங்கள், பால் மாதிரி கலங்கிவிடும். பித்தநீர் செய்வது இதைத்தான், கொழுப்பைப் பொடிப்பொடித் துளியாக்குகிறது, அதில் செரிக்கும் நொதி கிடையாது. துளியானதை உடைப்பது கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ். மிச்ச மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் நொதி அனுப்புவது, வந்து சேர்ந்த அமிலத்தைப் பைகார்பனேட்டால் தணிப்பது எல்லாமே கணையம்தான். பிள்ளைகள் அதைப் படத்தில் இலை மாதிரி வரைந்துவிட்டு விட்டுவிடுகிறார்கள், நீங்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் அதில் நில்லுங்கள்.

இப்போது சேலை. சிறுகுடலின் நீளம் ஏறக்குறைய 6 மீட்டர் என்று புத்தகத்தில் இருக்கும், உயிரோடு இருக்கும்போது தசை இறுகியிருப்பதால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. சேலை ஐந்தரை மீட்டர். வாசலிலிருந்து அடுப்படிவரை விரித்துக் காட்டுங்கள், வாயைப் பிளப்பார்கள். போன வருடம் ஒரு பையன் கேட்டான், "இவ்ளோ நீளம் உள்ள கெடந்தா சிக்கு விழுந்துராதா மிஸ்?" அருமையான கேள்வி. பதில் அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. சேலையின் ஒரு ஓரத்தை முழுக்கக் கொசுவி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கீழ் ஓரத்தை விசிறி மாதிரி விரிய விடுங்கள். விரிந்த ஓரம்தான் குடல், கையில் பிடித்த கொசுவம்தான் முதுகுப்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் இடம், அது 15 செ.மீ. தான், ஒரு சாண்கூட வராது. நடுவில் உள்ள துணி குடல்தாங்கி என்ற சவ்வு, ரத்தக்குழாய்களும் நரம்புகளும் அதன் வழியாகத்தான் குடலுக்கு வருகின்றன. குடல் புரளலாம், நெளியலாம், ஆனால் தாங்கி பிடித்திருப்பதால் சிக்கு விழுவதில்லை. மிக அபூர்வமாக முறுக்கிக்கொள்வதும் உண்டு, அதற்கு உடனே ஆபரேஷன் வேண்டும் என்பதையும் மறைக்காமல் அந்தப் பையனிடம் சொன்னேன்.

தேங்காய்ப்பூ துண்டைத் தடவச் சொல்லுங்கள். அதில் எழும்பி நிற்கும் நூல் வளையங்கள் மாதிரிதான் சிறுகுடலுக்குள் குடலுறிஞ்சிகள். சாதாரணத் துண்டு ஒன்றையும் இதையும் தண்ணீரில் முக்கிப் பிழிந்தால் எது அதிகம் குடித்தது என்று தெரிந்துவிடும். உள்சுவரின் மடிப்புகளாலும் இந்த உறிஞ்சிகளாலும் குடலின் உள்பரப்பு ஏறக்குறைய 30 சதுர மீட்டர் ஆகிறது, நம் ஊர்க் கணக்கில் 320 சதுர அடி. சர்க்கரையும் அமினோ அமிலமும் ரத்தத்தில் ஏறி முதலில் கல்லீரலுக்குப் போகும், கொழுப்பு பெரும்பாலும் நிணநீர் வழியாகச் சுற்றிப் போகும்.

பெருங்குடல் ஒன்றரை மீட்டர். மிச்சத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, நார்ச்சத்தைக் கிருமிகள் புளிக்க வைக்கின்றன, முருங்கைக்காயின் சக்கை கடைசிவரை வருகிறது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இன்னொரு நாள் மதியம் பீட்ரூட் பொரியலோ அவித்த மக்காச்சோளமோ சாப்பிட்டுவிட்டு நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். சிவப்போ சோளத் தோலோ வெளியே வருகிற நேரத்தையும் எழுதட்டும். பெரும்பாலும் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் வரும், ஆளுக்கு ஆள் மாறும். வெட்கப்படுவார்கள், சிரிப்பார்கள், பரவாயில்லை. என்னிடம் படிக்கிற அக்காவும் தம்பியும் ஒரே பொரியலைச் சாப்பிட்டு 19 மணி, 31 மணி என்று எழுதிக்கொண்டு வந்து, யாருடைய கணக்கு சரி என்று என் வீட்டுத் திண்ணையில் சண்டை போட்டார்கள். இரண்டு கணக்கும் சரிதான்.