திருகோணமலையில வீடு கட்டுற ஆக்களுக்கு ஒரு குறிப்பு

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடு கட்டப் பிளான் போடுறீங்களா, மேசனக் கூப்பிட முதல் காணிக்குள்ள நிண்டு பின்னேரம் 3 மணிக்கு வெயில் எங்க விழுதெண்டு ஒருக்கா பாருங்க. மே மாசம் தொடங்கி கச்சான் காத்து மேற்கால சுட்டுக்கொண்டுதான் வரும், அந்தப் பக்கம் படுக்கை அறைய வச்சு பெரிய கண்ணாடி ஜன்னலும் போட்டா பிறகு ஏசி இல்லாம இருக்கேலாது, கரண்ட் பில்லும் ஏறும். மேற்குப் பக்கம் குளியலறை, ஸ்டோர் ரூம் வைங்க, வெளியில ஒரு வேம்பு நடுங்க. கடல் காத்து வாற கிழக்குப் பக்கம் ஜன்னல், அதுக்கு நேர் எதிர்ச் சுவரிலயும் ஒரு திறப்பு கட்டாயம் வேணும், காத்து வெளிய போக வழி இல்லாட்டி உள்ள வராது. கொழும்பில கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தன்ர வீட்டுக்கே நடுவில முற்றங்கள் விட்டது சும்மா அழகுக்கு மட்டும் இல்ல, வெளிச்சமும் காத்தும் உள்ள வரத்தான்.

தயவுசெய்து முற்றம் முழுக்க இன்டர்லொக் கல்லு பதிக்காதீங்க. கடலோரக் கிணத்துல நல்ல தண்ணி உவர் தண்ணிக்கு மேல மெல்லிசா மிதந்துகொண்டுதான் நிக்குது, மாரி மழை மண்ணுக்குள்ள இறங்காட்டி கிணறு உவராகும், ரோட்டிலயும் வெள்ளம் நிக்கும். 1000 சதுர அடிக் கூரையில 10 மில்லிமீட்டர் மழை பெஞ்சாலே கிட்டத்தட்ட 900 லீட்டர் விழும், பீலி போட்டு டேங்குக்கு எடுங்க, முதல் மழைத் தண்ணிய மட்டும் வெளிய விட்டிடுங்க, கூரை ஊத்தை அதோட போயிடும்.