பயணத்தில் இலைத் தேநீர் அருந்தும் முறை

நீலகிரியின் முழு இலைத் தேயிலையைப் பக்குவமாக ஊறவைத்துக் குடித்துப் பழகியவர்களுக்கு, ரயிலில் காகிதக் கோப்பையில் கிடைக்கும் தேநீர் பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும். வீட்டிலேயே தேநீரைத் தயாரித்து ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போகலாமே என்று தோன்றலாம். பால் சேர்க்காத இலைத் தேநீருக்கு அது ஒத்துவராது. இலையை வடித்த பிறகும் மணிக்கணக்கில் சூட்டிலேயே அடைபட்டிருக்கும் தேநீர் கறுத்து, மணமிழந்து, பழைய கஷாயம் போலாகிவிடும். ஆகவே வெந்நீரைத் தனியாகவும் இலையைத் தனியாகவும் எடுத்துச் சென்று, குடிக்கும் வேளையில் இரண்டையும் சேர்த்து, சில நிமிடங்களில் மறக்காமல் பிரித்துவிட வேண்டும்.

முதலில் இலையைப் பார்ப்போம். டீக்கடைகளில் புழங்கும் டஸ்ட் தூள், கொழுந்தை நசுக்கிக் கிழித்து உருட்டும் சிடிசி முறையில் தயாராவது. பாலுக்கு ஈடுகொடுக்கும் கடுப்பு அதில் உண்டு என்றாலும், பயணத்தில் அது வடிகட்டியின் கண்களில் நுழைந்து கோப்பையின் அடியில் சேறாகப் படியும். கொழுந்தைக் கிழிக்காமல் சுருட்டும் ஆர்த்தடாக்ஸ் முறையில் தயாரான இலையையே வாங்குங்கள். 200 மில்லி நீருக்கு 2 முதல் 2.5 கிராம் இலை போதும். முழு இலை எடை குறைந்தது, இடத்தை அடைப்பது என்பதால் கரண்டிக் கணக்கை நம்பாமல், வீட்டிலேயே நிறுத்து வேளைக்கு ஒன்றாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

இலையை ஊறவைக்கச் சந்தையில் பல சாதனங்கள் உள்ளன. சங்கிலியில் தொங்கும் உருண்டை வடிகட்டி பார்வைக்கு அழகானது. ஆனால் அதற்குள் இலை விரிய இடமில்லாததால் சாறு முழுமையாக இறங்குவதில்லை. கோப்பையின் வாயில் பொருந்தும் ஆழமான எஃகு வடிகட்டி அதைவிடச் சிறந்தது. ஓடும் வண்டியில் எனக்கு மிகவும் கைகொடுப்பது, நாமே இலையை நிரப்பிக்கொள்ளும் வெற்றுக் காகிதப் பைகள்தாம். கழுவும் வேலையே இல்லை. நிரப்பிய பைகளை இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். தேயிலை பிற மணங்களை எளிதில் இழுத்துக்கொள்ளும். புளியோதரைப் பொட்டலத்தோடு ஒரே பையில் இரவு முழுவதும் கிடந்த இலையில் மறுநாள் பெருங்காயம் மணப்பதை நானே குடித்துப் பார்த்திருக்கிறேன்.

ஃபிளாஸ்கில் முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, மீண்டும் கொதிக்கக் கொதிக்க விளிம்புவரை நிரப்ப வேண்டும். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் சூடு கூடுதல் நேரம் நிற்கும். பால் காபி கொண்டுசென்ற ஃபிளாஸ்க் இதற்கு ஆகாது. எவ்வளவு கழுவினாலும் மூடியின் ரப்பர் வளையத்தில் அந்த வாடை தங்கியிருக்கும்.

நீரின் சூடு குறைந்துகொண்டே போவதால், குடிக்கும் நேரத்தைப் பொறுத்து இலையைத் தேர்ந்தெடுக்கலாம். கறுப்புத் தேயிலைக்கு 95 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு தேவை என்பதால், புறப்பட்ட முதல் ஓரிரண்டு மணி நேரத்தில் அதைக் குடித்துவிட வேண்டும். 3 முதல் 4 நிமிடம் ஊறினால் போதும். பல மணி நேரம் கழித்து நீர் 75, 80 டிகிரிக்கு இறங்கியிருக்கும்போது பச்சைத் தேயிலையைப் போட்டு 2 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். கொதிநீரில் கசந்து துவர்க்கும் அந்த இலைக்கு இந்தச் சூடுதான் இதமானது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், அங்கே கறுப்புத் தேயிலையைக் கூடுதலாக ஒரு நிமிடம் ஊறவிடலாம்.

சீனாவிலும் ரஷ்யாவிலும் நெடுந்தூர ரயில்களில் பயணிகளுக்கென்று வெந்நீர்க் குழாய் உண்டு. நம் ரயில்களில் பொதுவாக அந்த வசதி இல்லை; கைப்பேசிக்கான மின் இணைப்பில் கெட்டிலைச் செருகுவதோ தடைசெய்யப்பட்டது, ஆபத்தானதும்கூட. வழியில் டீக்கடையில் கேட்டு வாங்குவதானால் பாய்லர் குழாயிலிருந்தே வெந்நீரைப் பிடித்துத் தரச் சொல்லுங்கள். பன்னாட்டு விமானப் பயணத்தில், பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேற்பட்ட கலத்தில் திரவத்தைக் கைப்பையில் கொண்டுசெல்ல முடியாது; ஆகவே வெற்று ஃபிளாஸ்க்கோடு சென்று, சோதனை முடிந்த பிறகு உள்ளே நீர் வாங்கி நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கோடையில் வெந்நீரே வேண்டாம் என்பவர்கள், ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீரில் 8 முதல் 10 கிராம் இலையைப் போட்டுக் குளிர்பெட்டியில் 6 முதல் 8 மணி நேரம் வைத்து, காலையில் வடித்து எடுத்துச் செல்லலாம். இதில் கசப்பும் துவர்ப்பும் குறைவாகவே இறங்கும். ஆறினாலும் எளிதில் கலங்காமல் தெளிவாக நிற்பது நீலகிரித் தேயிலையின் பெயர்பெற்ற குணம் என்பதால், இதற்கு அதுவே என் முதல் தேர்வு. குளிர்ச்சியைக் காக்கும் ஃபிளாஸ்கில் ஊற்றி, அன்றைக்கே குடித்து முடித்துவிடுங்கள்.

ஊறிய இலையை ரயிலின் கைகழுவும் தொட்டியில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். மூடியுள்ள சிறு டப்பா ஒன்று கூடவே இருந்தால், அதில் சேர்த்து வைத்து வீட்டுக்கு வந்ததும் பூந்தொட்டியில் போட்டுவிடலாம்.