போஸ்ட்ஃபிக்ஸில் திரும்பி வரும் அஞ்சல்களைக் கையாளுதல்: தொடக்க நிலையினருக்கு

போஸ்ட்ஃபிக்ஸ் என்பது அஞ்சல்களை அனுப்பிப் பெறும் சர்வர் மென்பொருள். அதில் எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், மெயில் லாக்கை (அஞ்சல் நடவடிக்கைகளின் பதிவேடு) திறந்து பாருங்கள். பெறும் சர்வர் தந்த மூன்றிலக்க எண் 4-இல் தொடங்கினால் அது தற்காலிகத் தடை. போஸ்ட்ஃபிக்ஸ் அந்த அஞ்சலை க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. அனுப்பியவருக்கு உடனே பவுன்ஸ் (அஞ்சல் சேரவில்லை என்ற அறிவிப்பு) போய்விடும். 550 5.1.1 என்று இருந்தால், அப்படியொரு முகவரியே இல்லை என்று பொருள்.

அடுத்து, போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்-ஐ நகலெடுத்து வைத்துவிட்டுத் திறக்கவும். (கீழே வரும் பெயர்கள் கோப்பில் ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடன் இருக்கும்.) ஓர் அஞ்சல் க்யூவில் எவ்வளவு காலம் இருக்கலாம் என்று சொல்லும் மேக்சிமல் க்யூ லைஃப்டைம் இயல்பாக 5 நாள். ஒருவர் விலைப்பட்டியல் அனுப்பும்போது டொமைன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிடுகிறார். அந்தத் தவறான டொமைனும் உண்மையில் இருக்கிறது, ஆனால் அங்கே அஞ்சலை வாங்கப் பதில் தரும் சர்வர் இல்லை என்று வையுங்கள். ஒவ்வொரு முயற்சியும் டைம் அவுட் ஆகுமே தவிர மறுப்பு வராது. ஆகவே அனுப்பியவர் 5 நாள் கழித்துத்தான் விஷயம் அறிவார். அதற்காக 5 நாளைக் குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் எதிர்முனைச் சர்வர் வார இறுதியில் படுத்துவிட்டால் நல்ல அஞ்சலும் திரும்பிவிடும். மாறாக, இயல்பாக 0 என்று அணைந்திருக்கும் டிலே வார்னிங் டைமுக்கு 4 மணி நேரம் கொடுங்கள். அஞ்சல் இன்னும் சேரவில்லை என்ற அறிவிப்பு அனுப்பியவருக்குப் போகும்.

பவுன்ஸ் க்யூ லைஃப்டைமை மட்டும் 1 நாளாகக் குறைக்கலாம். அது பவுன்ஸ் அறிவிப்புகளுக்கு உரியது. அவற்றில் தேங்குபவை பெரும்பாலும் போலி அனுப்புநர்களுக்குப் போக முயல்பவையே.

எவ்வகைச் சிக்கல்களைத் தெரிவிப்பது என்று சொல்லும் நோட்டிஃபை கிளாசஸ் வரியில், இயல்பாக உள்ள ரிசோர்ஸ், சாஃப்ட்வேர் ஆகியவற்றோடு பவுன்ஸையும் சேர்த்தால், திரும்பிய அஞ்சல்களின் தலைப்பகுதி போஸ்ட்மாஸ்டருக்கு (சர்வர் நிர்வாகியின் முகவரி) வரும். போஸ்ட்மாஸ்டர் என்ற பெயர் யாரேனும் படிக்கும் பெட்டிக்குப் போகிறதா என்று ஏலியஸ் கோப்பில் (ஒரு பெயருக்கு வரும் அஞ்சல் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கோப்பு) சரிபார்க்கவும்.

வேறொரு சர்வருக்கு அஞ்சலைக் கடத்தித் தரும் சர்வரானால் மிகவும் முக்கியமானது ரிலே ரெசிப்பியன்ட் மேப்ஸ், அதாவது ஏற்க வேண்டிய பெறுநர் முகவரிகளின் பட்டியல். அது காலியாக இருந்தால், இல்லாத முகவரிக்கு வரும் ஸ்பாமையும் உங்கள் சர்வர் வாங்கிக்கொண்டு, பின்னர் தொடர்பே இல்லாத ஒருவருக்கு பவுன்ஸ் அனுப்பும். நாளடைவில் தடைப்பட்டியலில் சேரும். உண்மையில் இருக்கும் முகவரிகளை அங்கே கொடுத்துவிட்டால், மற்றவை வாசலிலேயே மறுக்கப்படும்.

மாற்றங்களைச் சோதிக்கும் வரை சாஃப்ட் பவுன்ஸை யெஸ் என்று வைத்தால், நிரந்தர மறுப்புகளும் தற்காலிகமாகவே கருதப்பட்டு அஞ்சல் க்யூவில் காக்கப்படும். போஸ்ட்ஃபிக்ஸ் செக், பின்பு போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோடு ஆகிய கட்டளைகளை இயக்குங்கள். சோதனை முடிந்ததும் சாஃப்ட் பவுன்ஸை நோ என்று மாற்றி (இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்) மறுபடி ரீலோடு செய்துவிட்டு, இல்லாத ஒரு முகவரிக்கு அஞ்சல் அனுப்புங்கள். லாக்கில் ஸ்டேட்டஸ் பவுன்ஸ்டு என்ற வரியும், அதையடுத்து அனுப்புநர் இடம் காலியாக உள்ள அறிவிப்பும் தெரிய வேண்டும்.