வீட்டுச் சாப்பாட்டுக் குறிப்பேடு எழுதும் முறை

வீட்டுச் சமையலை எழுதிவைக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் செய்முறையில் தொடங்கிச் செய்முறையிலேயே முடித்துவிடுகிறார்கள். வத்தக்குழம்புக்கு எவ்வளவு புளி என்பது பதிவாகும். அதில் சுண்டைக்காயை ஒதுக்கிவைக்கிறவர் யார், அவருக்காக மணத்தக்காளி போட்டுத் தனியாகக் கொஞ்சம் செய்தது யார் என்பதெல்லாம் விடுபட்டுப் போகும். குழம்பு வைக்கும் முறை எந்தச் சமையல் புத்தகத்திலும் கிடைக்கும். உங்கள் வீட்டில் அதை யார் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பது வேறெங்கும் கிடைக்காது.

200 பக்க நீளக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். அதை மூன்றாகப் பிரியுங்கள்: ஆட்கள், சமையல், படங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆ-1, ச-1, ப-1 என்று எண் கொடுங்கள். பாட்டியின் பக்கம் ஆ-3, அவருக்குப் பிடித்த மோர்க்குழம்பு ச-11, அவர் பந்தியில் உட்கார்ந்திருக்கும் படம் ப-6 என்றால், மூன்று பக்கத்திலும் மற்ற இரண்டின் எண்ணையும் ஓரத்தில் எழுதிவிட வேண்டும். எண் கொடுக்காமல் எழுதிய நோட்டில் நாற்பது பக்கம் தாண்டியதும் எதையும் தேடி எடுக்க முடியாது.

ஆட்கள் பக்கம்

“உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று நேராகக் கேட்காதீர்கள். வீட்டில் சமைத்தே பழகிய பெண்கள் “எல்லாமே பிடிக்கும்” என்பார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். நடந்ததைக் கேளுங்கள். “மிச்சமானா எதை யாருக்கும் கொடுக்காம எடுத்து வெச்சுப்பீங்க?” “சின்ன வயசுல எதைச் சாப்பிடச் சொல்லி அடி வாங்கினீங்க?” “உடம்பு சரியில்லாதப்போ உங்க அம்மா என்ன செஞ்சு கொடுத்தாங்க?” “கல்யாணமாகிப் போன வீட்டுல முதல்ல ஒத்துவராத சாப்பாடு எது?” கடைசிக் கேள்விக்குப் பெண்கள் தயங்காமல், விரிவாகப் பதில் சொல்வார்கள். அது கேட்காமல் விடக்கூடாத கேள்வி.

பதிலை எழுதும்போது காய் பெயரோடு நிறுத்தினால் பயனில்லை. “கத்தரிக்காய் பிடிக்காது” என்பது அரைகுறைத் தகவல். “எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் இரண்டு தடவை கேட்பார், சாம்பாரில் குழைந்து தோல் பிரிந்த கத்தரிக்காயைத் தொடமாட்டார்” என்று எழுதினால் அந்த ஆளே கண்முன் வருவார். வெண்டைக்காயும் சேப்பங்கிழங்கும் பலருக்கு ஆகாமல் போவது வழவழப்பால்தான். அவற்றையே மொறுமொறுப்பாக வறுத்தால் சாப்பிடுகிறாரா என்று கேட்டு எழுதுங்கள். பாகற்காயில் கசப்பா, பாயசத்தில் ஏலக்காய் வாசனையா, உப்புமாவில் கடுகு பல்லில் படுவதா, எது காரணம் என்று தெரியும்வரை விடாமல் கேளுங்கள்.

ஒருவர் ஒரு பொருளைச் சாப்பிடுவதில்லை என்றால் அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். பிடிக்காது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, வேண்டுதல் அல்லது விரதம், ஒருகாலத்தில் கிடைக்காமல் பழக்கம் விட்டுப்போனது. இவற்றைக் கலந்து எழுதினால் தவறான வரலாறு நின்றுவிடும். குறிப்பாக, காசிக்குப் போய்வந்தவர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு காயையோ பழத்தையோ அங்கே விட்டுவிட்டு வரும் வழக்கம் உண்டு. தாத்தா பலாப்பழத்தைத் தொடுவதே இல்லை என்பதைப் பார்த்துவிட்டு ‘பிடிக்காது’ என்று எழுதினால் உண்மை தலைகீழாகிவிடும். அவர் விட்டதற்குக் காரணமே அது உயிராகப் பிடித்திருந்ததுதான்.

ஒவ்வாமை இருந்தால் (நிலக்கடலை, எள், இறால், நண்டு என்று எதுவானாலும்) அதை விருப்பு வெறுப்போடு சேர்க்காமல் பக்கத்தின் தலையில் சிவப்பு மையில் எழுதுங்கள். சாப்பிட்டால் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்து: தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல்.

எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆண்டு போடுங்கள். பல் போனதும் முறுக்கு போகும், சர்க்கரை வந்ததும் அதிரசம் போகும், கர்ப்ப காலத்தில் வந்த வெறுப்பு பிரசவத்தோடு போய்விடும். ஆண்டு இல்லாவிட்டால் இவையெல்லாம் ஒன்றுக்கொன்று முரண்பாடாகத் தெரியும்.

அண்ணன் தங்கைகளைச் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால் உரத்த குரலில் பேசுகிறவரின் நினைவே எல்லாருடைய நினைவாக மாறும். முதலில் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு சேர்த்துப் பேசவிடுங்கள். சித்தப்பா ஒன்று, அத்தை ஒன்று சொன்னால் இரண்டையும் பெயரோடு எழுதுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை இல்லை.

பேச்சு ஓடாதபோது வாசனை உதவும். மூக்கிலிருந்து வரும் செய்தி, நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளுக்கு மிகக் குறுகிய வழியில் போய்ச் சேருகிறது. கேள்வித்தாளோடு கூடத்தில் உட்காருவதைவிட, அடுப்படியில் கொத்தமல்லி விதையையும் காய்ந்த மிளகாயையும் வறுத்துக்கொண்டே கேட்பது நல்லது.

அளவு பிடிப்பது

கைப்பக்குவத்தில் சமைக்கிறவரிடம் “எவ்வளவு உப்பு?” என்று கேட்டால் கை நின்றுவிடும். கரண்டியைக் கொடுத்து அளந்து போடச் சொன்னால் அவருடைய வழக்கமான ருசியே வராது. அவரை அவர் போக்கில் விட்டுவிட்டு, நீங்கள் டப்பாவை எடை போடுங்கள். 1 கிராம் துல்லியம் காட்டும், 5 கிலோ வரை தாங்கும் மின்னணுத் தராசு போதும். சமையலுக்கு முன் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்த் தூக்கு, புளிப் பானை ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதுங்கள். முடிந்ததும் மறுபடி போடுங்கள். குறைந்திருப்பதுதான் அளவு. பெருங்காயம், மஞ்சள்தூள், வெந்தயம் போன்றவற்றுக்கு இந்தத் தராசு போதாது. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும்.

இதில் வழக்கமாகக் கெடுவது மூன்று இடம். சமைக்கும்போது வேறொருவர் வந்து அதே ஜாடியில் உப்பு எடுத்துவிடுவார். அன்றைக்கு அடுப்படியில் வேறு சமையல் வேண்டாம். இரண்டாவது, ஊறவைத்துப் பிழிந்த புளியின் சக்கையைக் கழிக்க மறப்பது. கொட்டையும் கோதும் உள்ள புளியா, சுத்தம் செய்ததா, புதுப்புளியா, கறுத்த பழம்புளியா என்பதையும் எழுதாவிட்டால் எண்ணால் பயனில்லை. மூன்றாவது தண்ணீர். “தேவையான அளவு” என்று எழுதுகிற இடமெல்லாம் பின்னால் தோற்கிற இடம். காலிப் பாத்திரத்தையும், இறக்கிய பிறகு குழம்போடு பாத்திரத்தையும் எடை போட்டால் கடைசியில் எவ்வளவு நின்றது என்று தெரிந்துவிடும்.

உப்பைக் கரண்டிக் கணக்கில் எழுதுவதைத் தவிர்க்கவும். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம் நிற்கும். கல் உப்பு அதே கரண்டியில் கல்லின் பருமனைப் பொறுத்துக் குறைவாகவே நிற்கும். கிராமில் எழுதினால் எந்த உப்பைப் போட்டாலும் கரிக்காது. மிளகாயிலும் இதே கவனம் வேண்டும். குண்டு மிளகாயா, நீட்டு மிளகாயா என்று எழுதாமல் ‘10 மிளகாய்’ என்று மட்டும் எழுதினால் நிறமும் காரமும் வேறாகிவிடும்.

இன்னொரு வேலையை ஒரே மதியத்தில் முடித்துவிடலாம். சமைக்கிறவரைத் தன் வழக்கப்படி ஒரு கைப்பிடி அரிசி, ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, குழம்புக்குப் போடும் ஒரு கை உப்பு, எலுமிச்சை அளவு புளி, நெல்லிக்காய் அளவு புளி, ஒரு சிட்டிகை மஞ்சள் ஆகியவற்றைத் தட்டில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுக்கச் சொல்லி எடை போட்டுச் சராசரி எழுதுங்கள். இது அவருடைய கையின் அட்டவணை. பிறகு அவர் தொலைபேசியில் “ரெண்டு கை போடு” என்றாலும் உங்களுக்குக் கணக்கு தெரியும்.

பாத்திரத்தையும் எழுத வேண்டும். கல்சட்டியில் வைத்த வத்தக்குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கொதித்துச் சுண்டும். எவர்சில்வரில் அப்படி நடக்காது, எனவே அதே நேரக் கணக்கு பொருந்தாது. ரசம் ஈயச் சொம்பில் வைப்பவர் என்றால் அதைத் தனி எச்சரிக்கையாகவே எழுதுங்கள்: அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும், தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் பாத்திரமே போய்விடும்.

பாட்டியின் பழைய நோட்டு கிடைத்தால் அதில் கிராமும் லிட்டரும் இருக்காது. இந்தியாவில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-இல் வந்தது, வீடுகளில் பழைய அளவு அதற்குப் பின்னும் வெகுநாள் புழங்கியது. ஒரு ரூபாய் எடை என்பது ஒரு தோலா, ஏறக்குறைய 11.7 கிராம். மூன்று தோலா ஒரு பலம், 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், 280 கிராம். ஐந்து சேர் ஒரு வீசை, 1.4 கிலோ. ‘அரை வீசை கத்தரிக்காய்’ என்றால் 700 கிராம். முகத்தலில் எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. வீசம் படி என்றால் பதினாறில் ஒரு பங்கு, அதாவது அரை ஆழாக்கு. ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது, ஆகவே எங்கோ படித்த மில்லி கணக்கை நம்ப வேண்டாம். அந்த வீட்டுப் பித்தளை ஆழாக்கோ படியோ பரணில் இருந்தால் அதில் தண்ணீரைத் தலைதட்டாக நிரப்பி எடை போடுங்கள். தண்ணீரின் கிராம்தான் மில்லி.

பழைய படத்தைப் படிப்பது

சாப்பாட்டுப் படங்களில் முகத்தைத் தவிர்த்து மற்றதைப் பார்க்கப் பழகுங்கள். இலையில் மாங்காய்ப் பச்சடி இருந்தால் பெரும்பாலும் சித்திரையை ஒட்டிய நாள். பின்னால் கரும்பு சாய்ந்திருந்தால் தை. சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கினால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல சமயம் தேதியே கிடைத்துவிடும். தண்ணீர் டம்ளர் பித்தளையா எவர்சில்வரா, மூலையில் கேஸ் சிலிண்டர் தெரிகிறதா என்பதெல்லாம் காலத்தைச் சுருக்கித் தரும்.

நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்த படங்கள் பழைய ஆல்பங்களில் உண்டு. வாழையிலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். அது வலப்பக்கம் இருந்து, வரிசை முழுக்க இடது கையால் சாப்பிட்டு, பெண்களின் முந்தானையும் வலது தோளில் விழுந்தால் படம் புரண்டிருக்கிறது. கணினியில் திருப்பிய பிறகே யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று எழுதுங்கள்.

படத்தைக் காட்டிக் கேட்கும்போது “இது யார்?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “அன்னைக்குச் சமைச்சது யாரு, வீட்டாளா பரிசாரகரா?” “படத்துல இல்லாதவங்க அப்போ எங்க இருந்தாங்க?” என்றும் கேளுங்கள். அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் படத்தில் இருப்பதில்லை. அவர்கள் பெயரை எழுதாத சாப்பாட்டுக் குறிப்பேடு முழுமையாகாது.

ஒட்டும் பசைத் தாளில், மேலே பிளாஸ்டிக் உறை மூடிய ஆல்பங்களில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள், மேல்பூச்சு கிழியும். மெழுகு தடவாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் நுழைத்து மெல்ல அறுப்பதுபோல் நகர்த்துங்கள். வராவிட்டால் பக்கத்தோடு நகலெடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே வேண்டாம். அதைக் கண்ணாடி வழியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் இருந்தால் 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். கைபேசி என்றால் வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், பிளாஷ் அணைத்து, கைபேசிக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து, கொஞ்சம் தள்ளி நின்று இருமடங்கு பெரிதாக்கி எடுத்தால் ஓரம் வளையாது, பளபளப்பும் விழாது.

படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் எழுத்து முன்பக்கம் புடைத்துக்கொள்ளும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் மென்மையான பென்சிலால் லேசாக எழுதலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள வண்ணப்படங்களில் பென்சில் ஒட்டாது, உறையின்மேல் எழுதி உள்ளே போடுங்கள்.

புதிதாக எடுக்கும் படங்களில் அலங்காரம் வேண்டாம். அரைத்த விழுதை விரலில் எடுத்துத் தேய்த்த படம், மாவு கரண்டியிலிருந்து விழும் படம், வெல்லப்பாகு தண்ணீரில் உருண்டு நிற்கும் படம் ஆகியவைதான் பதத்தைச் சொல்லும். அளவு தெரிய ஒரு கரண்டியோ டம்ளரோ சட்டத்துக்குள் இருக்கட்டும். தாளிப்புக்கு ஒலிப்பதிவு செய்யுங்கள். கடுகு வெடித்து அடங்குவதற்கும் உளுந்து போடுவதற்கும் இடையில் அவர் எவ்வளவு நேரம் விடுகிறார் என்பதைப் படத்தைவிடச் சத்தம் தெளிவாகக் காட்டும்.

எழுதியதைச் சோதிப்பது

அந்த வீட்டுச் சமையல் தெரியாத ஒருவர், நோட்டை மட்டும் பார்த்துச் சமைக்க வேண்டும். சொன்னவர் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது. அவர் எங்கே பொறுக்கமுடியாமல் எழுந்து வருகிறாரோ அங்கேதான் நோட்டில் ஒரு வரி குறைகிறது. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு பிறகு கேளுங்கள்.

பத்துப் பேருக்குச் சொன்ன அளவை மூன்று பேருக்குக் குறைக்கும்போது தண்ணீரை அதே விகிதத்தில் குறைத்தால் குழம்பு அடிப்பிடிக்கும். ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பொறுத்தது, உள்ளே இருக்கும் அளவை மட்டும் பொறுத்ததல்ல. தாளிக்கும் எண்ணெயும் அப்படித்தான், கரண்டியின் அடி நனைய ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். எத்தனை பேருக்கான அளவு என்பதைத் தலைப்பிலேயே எழுதி, சிறிய அளவை ஒருமுறை தனியாகச் செய்துபார்த்துத் தனிப் பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்.

எழுதுவது பென்சிலிலோ தண்ணீரில் கரையாத மையிலோ இருக்கட்டும், பல ஜெல் பேனாக்களின் எழுத்து ஈரக்கை பட்டதும் கலைந்துவிடும். அடுப்படியில் புழங்க ஒரு ஒளிநகல், அலமாரியில் மூல நோட்டு, வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இன்னொரு நகல். மழைக்காலம் முடிந்ததும் மூல நோட்டையும் ஆல்பத்தையும் வெளியில் எடுத்து நிழலில் காற்றாட வைத்து, ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா என்று தையல் ஓரத்தில் பாருங்கள். கணினிக் கோப்புகளுக்கு ஆண்டு-மாதம்-தேதி, பிறகு பக்க எண் என்று பெயர் வையுங்கள். வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும், எடுத்த தேதி பற்றிய விவரமும் உதிர்ந்துவிடும்.