பெரட்டலுக்கு முன்: ஆட்டுக்கறி ஜவ்வை அதன் சொந்த நொதியாலேயே தளர்த்துவது

காலையில் கோலாலம்பூர் சௌகிட் பாசாரில் வெட்டிய ஆட்டை வாங்கி மதியமே பெரட்டல் போட்டால், கறி ரப்பர் போல இழுக்கும். வெட்டிய சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்வதுதான் காரணம். அதைத் தளர்த்தும் நொதிகள் கறிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்கு அவகாசம்தான் வேண்டும்.

கல்பெயின் என்ற நொதி தசைநாரை அறுக்கும், ஜவ்வைக் கண்டுகொள்ளாது. ஜவ்வில் இருப்பது கொலாஜன், மூன்று இழை முறுக்கிய கயிறு. அதன் பக்கம் போவது கேத்தெப்சின், புளிப்பில் சுறுசுறுப்பாகும் நொதி. முறுக்கு குலையாத கயிற்றின் நடுவில் அதன் பல் பெரும்பாலும் இறங்காது. முறுக்கில்லாமல் தொங்கும் நுனிகளைத்தான் வெட்டும். பக்கத்துக் கயிறுகளோடு பிணைப்பு விழுவதும் அந்த நுனிகளில்தான், அதனால் அதுவே ஜவ்வை நெகிழ்த்தும். நடு முறுக்கைக் குலைப்பது சூட்டின் வேலை, 60–65 டிகிரியில்.

முன்சப்பை 1 கிலோ, எலும்போடு பெரிய துண்டாக, மூடி, பிரிட்ஜில் 4 டிகிரிக்குள் 2 நாள் வையுங்கள். வாங்கிய கையோடு பொடியாக நறுக்கி பிரீசரில் திணிப்பது பெரிய தப்பு: விறைப்பு ஏறுமுன் கடுங்குளிர் பட்டால் நார் சுருங்கி, பிறகு எளிதில் இளகாது. வெளியே வைத்து ஊறவிடவும் கூடாது. நம்மூர் வெக்கையில் நொதியைக் கிருமி முந்திக்கொள்ளும். உறைந்த ஆஸ்திரேலியக் கறிக்கு இந்த 2 நாள் வேண்டாம். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு இளகினால் போதும்.

பிறகு துண்டு போட்டு, தயிர் 150 கிராம், மஞ்சள் அரை டீஸ்பூன் பிசறி இன்னோர் இரவு பிரிட்ஜில் வையுங்கள். உப்பு இப்போது சேர்த்தால் கேத்தெப்சின் மந்தமாகும், அடுப்பில் போட்டுக்கொள்ளலாம். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழிந்தால் மேல்பகுதி வெளுத்து உலர்ந்துவிடும். அன்னாசி வேறு கதை: அதன் நொதி நார், ஜவ்வு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் வெட்டும், ராத்திரி முழுக்க விட்டால் காலையில் மாவுதான்.

குளிர்ந்த சட்டியில் கறியும் சிறிது தண்ணீரும் போட்டு மிகச் சிறு தீயில் தொடங்குங்கள். கொதி நிலையை நெருங்க 40 நிமிடம் ஆகட்டும். 40 முதல் 60 டிகிரி வரை கேத்தெப்சின் கடைசியாக ஒருமுறை வேகமாக ஓடும், 70 தாண்டினால் அடங்கிவிடும். அதன்பின் 90 டிகிரி சுற்றில், குமிழ் ஒன்றிரண்டு மட்டும் எழ, ஒன்றரை முதல் 2 மணி நேரம். குக்கரில் இந்த இடைவெளி சில நிமிடத்தில் கடந்துவிடும். கறி வேகும், ஆனால் நார் நாராகப் பிரிந்து உலரும்.

ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். தசைகளுக்கு இடையே வெள்ளையாக இருந்த ஜவ்வு கண்ணாடி போல் தெளிந்து, கரண்டி நுனியால் அழுத்தினால் வழுக்க வேண்டும். இன்னும் வெள்ளையாகவே இருந்தால் கிழ ஆடு. வயது ஏறஏறப் பிணைப்பும் இறுகும், நொதிக்கும் மசியாது. இன்னும் 1 மணி நேரம் விடுங்கள். ஆட்டுக்கால் சூப்புக்கு இந்தத் தயிர் வேலையே வேண்டாம்: அதில் தசை சொற்பம், நொதியும் சொற்பம், 4 மணி நேரச் சூடுதான் ஒரே வழி.