முதியோர் உதவித்தொகை மனு தள்ளுபடி ஆகிவிட்டதா? அடுத்து செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆதரவற்ற ஒரு பாட்டிக்கு அது அரிசிக்கும் மாத்திரைக்குமான பணம். "உங்களுக்குத் தகுதி இல்லைம்மா" என்று வாய்வார்த்தையாகச் சொன்னதைக் கேட்டுப் பலர் அப்படியே வீடு திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம்.

படி 1: காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். காரணம் தெரியாமல் மறுபடி மறுபடி மனு போட்டால் அதே காரணத்துக்காக மறுபடியும் தள்ளுபடி ஆகும். இ-சேவை மையத்தில் கொடுத்த ஒப்புகைச் சீட்டோடு தாலுகா அலுவலகம் போய், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் உத்தரவின் நகலைக் கேளுங்கள். தரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உத்தரவோடு, விஏஓவும் (கிராம நிர்வாக அலுவலர்) ஆர்ஐயும் (வருவாய் ஆய்வாளர்) கொடுத்த விசாரணை அறிக்கையின் நகலையும் கேளுங்கள். சிக்கல் பெரும்பாலும் அந்த அறிக்கையில்தான் இருக்கும்.

படி 2: அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சேருங்கள்

வயதுதான் அடிக்கடி வரும் தகராறு. ஆதார் எடுக்கும்போது குத்துமதிப்பாக ஒரு வயதைப் பதிந்திருப்பார்கள். 65 வயதுக்காரர் அதில் 57 ஆகியிருப்பார். ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாது என்று ஆதார் ஆணையமே சொல்லியிருக்கிறது. பள்ளிச் சான்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு. எதுவுமே இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவரின் வயதுச் சான்றை ஏற்கலாம் என்று மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது; அதை மனுவில் குறிப்பிடுங்கள். பழைய வாக்காளர் பட்டியலில் அவர் வயது இருந்தால் அந்தப் பக்கத்தையும் இணையுங்கள்.

அடுத்தது, "மகன் இருக்கிறார்" என்ற காரணம். மகன் இருப்பது வேறு, அவர் சோறு போடுவது வேறு. மகன் தனி ரேஷன் கார்டில் வேறு ஊரில் இருந்தால் அதைக் காட்டுங்கள். நேரில் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்படி விஏஓவிடம் எழுதிக் கேளுங்கள்.

வாங்கிக்கொண்டிருந்த பணம் நின்றுபோனால் முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். உயிரோடு இருப்பவரை இறந்தவர் என்று பதிந்திருந்தால் அவரையே நேரில் அழைத்துப் போய் எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.

படி 3: மேலே கொண்டு போங்கள்

தாலுகாவில் வழி பிறக்கவில்லை என்றால் கோட்டாட்சியர். அப்புறம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம். மனு ஒரு பக்கம் போதும்: தள்ளுபடியான தேதி, சொன்ன காரணம், அதற்கு உங்கள் பதில், இணைப்புகள். மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள்.

அங்கும் நடக்கவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.